கடல் நடுவே ஒரு பனியன் கம்பெனி

2024 ஜூன் 26. விக்கிலீக்ஸ் புகழ் ஜூலியன் அசாஞ்சே ஓர் அமெரிக்க நீதிமன்றத்துக்குள் நுழைந்தார். ஒரு குற்றத்தை ஒப்புக்கொண்டார். ஏற்கெனவே லண்டன் சிறையில் இருந்த காலத்தைத் தண்டனையாகக் கழித்துக்கொண்டு, 'போய் வா' என்று அனுப்பிவிட்டார்கள். அன்று மாலையே ஆஸ்திரேலியா போய்ச் சேர்ந்தார்.

அந்த நீதிமன்றம் நியூயார்க்கிலோ வாஷிங்டனிலோ இல்லை. அமெரிக்கப் பெருநிலத்தில் கால் வைக்க மாட்டேன் என்று அசாஞ்சே அடம் பிடித்ததால், அவர் சொந்த ஊருக்குப் பக்கமாக ஓர் அமெரிக்க நீதிமன்றத்தைத் தேடிப் பிடித்தார்கள். பசிபிக் கடல் நடுவே, சைபான் என்கிற தீவில்.

உலகத்தில் முக்கால்வாசிப் பேர் சைபானை மேப்பில் தேடியது அன்றைக்குத்தான். ஆனால் திருப்பூரில் ஐம்பது வயதைத் தாண்டிய எக்ஸ்போர்ட் ஆசாமி யாரையாவது பிடித்துக் கேட்டுப் பாருங்கள். கோட்டா காலத்தை நினைவில் வைத்திருப்பவராக இருந்தால், 'ஓ, அந்த ஊரா' என்று ஒரு மாதிரி சிரிப்பார். ஒரு காலத்தில் நாம் எட்டிப் பிடிக்க முடியாத பனியன் ஊர் அது.

கதைக்குள் போவதற்கு முன்னால் கோட்டாவைப் பற்றிக் கொஞ்சம். இன்றைய பிள்ளைகளுக்கு அது தெரியாது.

1974ல் மல்டி ஃபைபர் அரேஞ்ச்மெண்ட் என்று ஓர் ஏற்பாடு உலக அளவில் வந்தது. சுருக்கமாக எம்.எஃப்.ஏ. அமெரிக்காவும் ஐரோப்பாவும் ஏழை நாடுகளைப் பார்த்து, 'நீங்கள் சல்லிசாகத் துணி தைத்து எங்கள் சந்தையில் கொட்டினால் எங்கள் மில்கள் என்ன ஆவது? ஆகவே வருஷத்துக்கு இத்தனை பீஸ்தான்' என்று கோடு கிழித்தன. டீ ஷர்ட்டுக்கு இவ்வளவு, சட்டைக்கு இவ்வளவு என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு நம்பர். அமெரிக்காவுக்குப் போகும் காட்டன் நிட் சட்டைகளுக்கு 338, 339. திருப்பூரில் இந்த இரண்டு நம்பரையும் பெற்ற பிள்ளை பெயர் மாதிரி சொல்வார்கள். இந்தியாவுக்குக் கிடைத்த மொத்த அளவை ஏ.இ.பி.சி. பங்கு போட்டுக் கொடுக்கும். போன வருஷங்களில் அனுப்பியவருக்கு ஒரு பங்கு, புதிதாக மெஷின் போட்டவருக்கு ஒரு பங்கு, முந்தி வந்தவருக்கு ஒரு பங்கு. பையர் இருப்பார், துணி இருக்கும், டெய்லர் இருப்பார், கோட்டா இருக்காது. அப்போது கோட்டா வைத்திருப்பவரிடம் பிரீமியம் கொடுத்து வாங்க வேண்டும். ஒரு பீஸ்கூடத் தைக்காமல் கோட்டாவை மட்டும் கைமாற்றிக் கார் வாங்கியவர்கள் உண்டு.

கோட்டா போக, சுங்க வரி தனி. அமெரிக்காவில் காட்டன் டீ ஷர்ட்டுக்கு 16.5 சதவீதம். நாலு டாலர் பீஸ் என்றால் 66 சென்ட் அங்கேயே போயிற்று.

இப்போது சைபான். அங்கே தைத்த பனியனுக்கு கோட்டா கிடையாது. வரியும் கிடையாது. தைக்கிற துணி சீனாவிலிருந்தோ வேறு எங்கிருந்தோ வரலாம். முடிந்த பீஸின் மதிப்பில் வெளிநாட்டுச் சரக்கு பாதிக்கு மேல் போகக்கூடாது, அவ்வளவுதான் கண்டிஷன். எல்லாவற்றுக்கும் மேலே, காலரில் 'மேட் இன் யு.எஸ்.ஏ.' என்று லேபிள் வைத்துத் தைக்கலாம். ஏனென்றால் அது அமெரிக்கா.

மேப்பில் பார்த்தால் ஜப்பானுக்குத் தெற்கே, பிலிப்பைன்ஸுக்குக் கிழக்கே கிடக்கிறது. அது எப்படி அமெரிக்கா ஆயிற்று?

வடக்கு மரியானா என்பது பதினாலு தீவுகளின் வரிசை. சைபான், டினியன், ரோட்டா மூன்றில்தான் சொல்லிக்கொள்ளும்படி ஜனங்கள். சமோரோ, கரோலினியன் என்று இரண்டு பூர்வகுடிகள். முந்நூறு வருஷத்தில் இவர்களுக்கு வாய்த்த முதலாளிகள் பட்டியல் நீளமானது. முதலில் ஸ்பெயின். அமெரிக்காவிடம் அடி வாங்கி நொடித்துப்போன ஸ்பெயின், 1899ல் இந்தத் தீவுகளையும் பக்கத்துத் தீவுக் கூட்டங்களையும் சேர்த்து 2.5 கோடி பெசட்டாவுக்கு ஜெர்மனியிடம் விற்றது. மனிதர்களோடு சேர்த்துத்தான். 1914ல், முதல் உலகப் போர் சாக்கில், ஜப்பான் வந்து உட்கார்ந்தது. கரும்பு போட்டது, சர்க்கரை ஆலை கட்டியது, கூட்டம் கூட்டமாக ஜப்பானியர்களைக் குடியேற்றியது. சொந்த ஊரிலேயே தீவுக்காரர்கள் சிறுபான்மை ஆனார்கள். இந்த இடத்தை நினைவில் வையுங்கள், பின்னால் தேவைப்படும்.

1944 ஜூன் 15. அமெரிக்கப் படைகள் சைபானில் இறங்கின. ஜூலை 9 வரை சண்டை. சுமார் முப்பதாயிரம் ஜப்பானிய வீரர்களில் உயிரோடு மிஞ்சியவர்கள் சொற்பம். அமெரிக்கத் தரப்பில் மூவாயிரத்துக்கு மேல் சாவு. சண்டை முடியும் நேரத்தில், அமெரிக்கர்கள் கையில் சிக்கினால் சித்திரவதைதான் என்று சொல்லிச் சொல்லி வளர்க்கப்பட்ட ஜப்பானியக் குடும்பங்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வடக்கு முனைப் பாறைகளிலிருந்து குதித்தார்கள். இன்றைக்கும் அந்தப் பாறைகளைப் பார்க்க டூரிஸ்ட் பஸ் போகிறது. சைபான் விழுந்த சூட்டில் ஜப்பானியப் பிரதமர் டோஜோ பதவி இழந்தார்.

எதற்காக இந்தத் தீவுக்கு இத்தனை ரத்தம்? தூரக் கணக்குதான். இங்கிருந்து கிளம்பினால் பி-29 விமானம் டோக்கியோவில் குண்டு போட்டுவிட்டுத் திரும்பி வர முடியும். 1944 நவம்பரில் அதைச் செய்தும் காட்டினார்கள். பக்கத்துத் தீவு டினியனில் ராட்சத ரன்வேக்களைப் போட்டார்கள். தெருக்களுக்கு பிராட்வே, 42வது தெரு என்று நியூயார்க் பெயர்கள். 1945 ஆகஸ்ட் 6ம் தேதி எனோலா கே என்ற விமானம் ஹிரோஷிமாவுக்குக் கிளம்பியது அங்கிருந்துதான். மூன்று நாள் கழித்து நாகசாகிக்குக் கிளம்பியதும் அங்கிருந்துதான்.

அவ்வளவு விலை கொடுத்து வாங்கிய இடத்தை அமெரிக்க ராணுவம் விடுமா? விடவில்லை. ஆனால் அது காலனிகளுக்கு விடுதலை தருகிற சீசன். 'எங்களுக்கே வேண்டும்' என்று வெளிப்படையாகச் சொல்ல முடியாது. ஐ.நா. அப்போது பதினொரு பிரதேசங்களை அறங்காவல் என்ற பெயரில் பெரிய நாடுகளின் பொறுப்பில் விட்டது. 'பக்குவம் வரும்வரை பார்த்துக்கொள், பிறகு விடுதலை கொடு' என்று அர்த்தம். அதில் பத்து, ஐ.நா. பொதுச்சபையின் கண்காணிப்பில். ஒன்றே ஒன்று மட்டும் பாதுகாப்புச் சபையின் கீழ். அதற்கு 'ராணுவ முக்கியத்துவம் உள்ள அறங்காவல்' என்று தனிப் பெயர். அதுதான் 1947ல் அமெரிக்கா கைக்கு வந்த பசிபிக் தீவுகள். பாதுகாப்புச் சபையில் அமெரிக்காவுக்கு வீட்டோ இருக்கிறதே! அதாவது, ஆடிட்டரை நீக்கும் அதிகாரம் கேஷியர் கையில்.

பார்த்துக்கொண்ட லட்சணம் எப்படி? அதே அறங்காவல் பிரதேசத்தில் இருந்த மார்ஷல் தீவுகளில் 1946க்கும் 1958க்கும் நடுவே மொத்தம் 67 அணுகுண்டுச் சோதனைகள். சைபானில் கடற்படைப் பயிற்சிப் பிரிவு என்று போர்டு மாட்டி, உள்ளே சி.ஐ.ஏ. சியாங் கை ஷேக்கின் ஆட்களுக்கு மறைமுகப் போர்ப் பயிற்சி கொடுத்தது. 1962 வரை வெளியாள் யாரும் சுலபமாக உள்ளே போக முடியாது. ரோடு, பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி எல்லாம் அப்படியே துருப்பிடித்துக் கிடந்தன. ட்ரஸ்ட் டெரிட்டரி என்ற பெயரில் முதல் எழுத்தை எடுத்துவிட்டு 'ரஸ்ட் டெரிட்டரி' என்று அமெரிக்கர்களே கிண்டல் அடித்தார்கள்.

கென்னடி காலத்தில் வாஷிங்டன் யோசித்தது. இவர்களை எப்படியாவது நம்மோடு நிரந்தரமாக ஒட்டவைக்க வேண்டும். விரட்டி ஒட்டவைக்க முடியாது, வளைத்துத்தான் ஆக வேண்டும். பள்ளிக்கூடம் கட்டு, பணத்தைக் கொட்டு, பிறகு ஓட்டெடுப்பு வை. மற்ற தீவுகள் பேரம் பேசி, பின்னாளில் தனி நாடுகள் ஆயின. பாதுகாப்புப் பொறுப்பை மட்டும் அமெரிக்காவிடம் விட்டுவிட்டு அதற்குப் பணம் வாங்குகின்றன. (ஜெருசலேம் விவகாரத்தில் 2017ல் ஐ.நா.வில் அமெரிக்கா பக்கம் நின்ற ஒன்பது ஓட்டுகளில் மார்ஷல் தீவுகள், மைக்ரோனேஷியா, பலாவ் மூன்றும் உண்டு.) வடக்கு மரியானா மட்டும், 'நாங்கள் உங்களோடே வந்துவிடுகிறோம்' என்றது.

1975 பிப்ரவரியில் ஒப்பந்தம். ஜூனில் ஓட்டெடுப்பு. 78.8 சதவீதம் பேர் சரி என்றார்கள். 1976 மார்ச்சில் அதிபர் ஃபோர்டு கையெழுத்துப் போட்டார்.

அந்த ஒப்பந்தத்தைப் படித்தால் என்னைப் போன்ற பி.காம். ஆசாமிக்கு வியர்க்கிறது. டினியன் தீவில் 17,799 ஏக்கர், அதாவது தீவில் மூன்றில் இரண்டு பங்குக்கும் மேல், ராணுவத்துக்குக் குத்தகை. சைபான் துறைமுகத்தில் 177 ஏக்கர். குண்டு போட்டுப் பழக 206 ஏக்கரில் ஒரு குட்டித் தீவு. ஐம்பது வருஷம். விருப்பப்பட்டால் இன்னொரு ஐம்பது வருஷம். மொத்தத்துக்கும் ஒரே தொகை, 1,95,20,600 டாலர். குண்டு போடும் தீவுக்கு மட்டும் தனியாகக் கணக்குப் பார்த்தால் ஏக்கருக்கு நூறு டாலர். விலைவாசி ஏற்றத்துக்குச் சரிக்கட்டி, 1983ல் உண்மையில் கொடுத்தது 3.3 கோடி டாலர். நூறு வருஷத்துக்குப் பிரித்தால் ஏக்கருக்கு வருஷம் 18 டாலர் சொச்சம். பல்லடம் ரோட்டில் ஒரு செட் வாடகைக்குப் பிடித்துப் பாருங்கள், தெரியும்.

நிலத்தைக் கொடுத்தவர்களுக்கு என்ன கிடைத்தது? அமெரிக்கக் குடியுரிமை. மானியம். அதோடு மூன்று சலுகைகள். சரக்கு வரியில்லாமல் அமெரிக்காவுக்குள் போகும். அமெரிக்காவின் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் தீவைக் கட்டுப்படுத்தாது. யாரை உள்ளே விடலாம் என்ற குடியேற்ற அதிகாரமும் தீவு அரசுக்கே. கடைசிச் சலுகைக்குச் சொன்ன காரணம் நியாயமானது. பதினைந்தாயிரம் பேர் மட்டும் இருக்கும் தீவில் வெளியாள் வந்து குவிந்துவிடக்கூடாது. ஜப்பான் காலத்தில் பட்டது போதும் என்று தீவுக்காரர்கள் கேட்டு வாங்கியது.

இந்த மூன்றையும் ஒன்றாகக் கூட்டிப் பார்த்த முதல் ஆள் யாரோ, பெரிய மூளைக்காரர். வரி இல்லை, கூலிச் சட்டம் இல்லை, ஆளை எங்கிருந்து வேண்டுமானாலும் இறக்கலாம். அப்புறமென்ன? 1980களின் மத்தியில் ஹாங்காங், கொரியா, சீன முதலாளிகள் மெஷினோடு வந்து இறங்கினார்கள். துணி வெளியிலிருந்து. டெய்லர் சீனாவிலிருந்து, பெரும்பாலும் இளம் பெண்கள். அமெரிக்காவுடையது என்று சொல்ல அந்த ஃபேக்டரியில் கொடிக்கம்பமும் கீழே இருக்கும் மண்ணும்தான். உச்சத்தில் முப்பதுக்கும் மேற்பட்ட ஃபேக்டரிகள். 1990களின் கடைசியில் வருஷ ஏற்றுமதி நூறு கோடி டாலர். கோவை மாநகராட்சி பரப்பில் பாதிகூடத் தேறாத தீவு அது! வெளியாள் குவியக்கூடாது என்று வாங்கிய அதிகாரத்தை வைத்தே, 1980ல் 16,780 ஆக இருந்த ஜனத்தொகை 2000ல் 69,221 ஆயிற்று. தீவுக்காரர்கள் மறுபடி சிறுபான்மை.

இங்கே ஒரு கணக்கு. 1990களின் கடைசியில் சைபானில் கூலி மணிக்கு 3.05 டாலர். அமெரிக்கச் சட்டப்படி 5.15 கொடுத்திருக்க வேண்டும். சரி, 3.05 என்பது அன்றைய மதிப்பில் சுமார் 130 ரூபாய். ஒரு மணி நேரத்துக்கு! அன்றைக்குத் திருப்பூரில் ஒரு ஷிப்ட் முழுக்கப் பவர் டேபிளில் உட்கார்ந்தாலும் அது கைக்கு வராது. அப்படியும் சைபான் பனியன் விற்றது. கூலியில் நம்மைவிடப் பல மடங்கு கூட, துணியும் கப்பலில் வர வேண்டும், இருந்தும் கட்டுப்படியானது என்றால், கோட்டாவும் வரியும் சேர்ந்து எழுப்பிய சுவர் எவ்வளவு உயரம் என்று யோசித்துப் பாருங்கள். 'நம்ம ஆளுங்க தரத்தைக் கூட்டணும், டெலிவரியைச் சரியாக் கொடுக்கணும்' என்று அந்தக் காலத்து செமினார்களில் நமக்குப் பாடம் எடுத்தார்கள். நல்ல பாடம்தான். ஆனால் சைபானுக்குக் கிடைத்த சலுகை, தரத்தைப் பார்த்துக் கிடைத்ததில்லை. டினியன் ரன்வேக்காகக் கிடைத்தது.

அந்த 3.05 டாலரும் பெண்கள் கையில் முழுசாக நிற்கவில்லை. ஏஜென்டுக்கு ஆயிரக்கணக்கான டாலர் கடன் வைத்துவிட்டு வந்தவர்கள். பேரக்ஸ் மாதிரி ஹாஸ்டல், அதற்கு வாடகை, சாப்பாட்டுக்குப் பிடித்தம். கடன் அடைகிறவரை வாயைத் திறக்க முடியாது. ஓவர்டைமுக்குக் காசு தராத குற்றத்துக்காக 1992ல் ஒரு நிறுவனக் குழுமம் 90 லட்சம் டாலர் பாக்கிக் கூலி தர ஒப்புக்கொண்டது. 1999 ஜனவரியில் தொழிலாளர்கள் சார்பாக வழக்குகள் வந்தன. பெரிய பெரிய அமெரிக்க பிராண்டுகள் உட்பட எல்லாரும் சேர்ந்து 2 கோடி டாலருக்கு சமரசத்துக்கு வந்தார்கள். லீவைஸ் மட்டும் சமரசத்தில் சேரவில்லை.

படிக்கும்போது நமக்குக் கோபம் வருகிறது. வரட்டும். ஆனால் நம்ம பக்கத்து ஸ்பின்னிங் மில்களில் மூன்று வருஷ ஒப்பந்தம், முடிவில் கல்யாணத்துக்கு மொத்தத் தொகை, அதுவரை ஹாஸ்டலை விட்டு வெளியே போகக் கூடாது என்று 'சுமங்கலி' பெயரில் பெண் பிள்ளைகளை வைத்திருந்த கதை உண்டே, அதையும் பக்கத்தில் வைத்துக் கோபப்படுவதுதான் நியாயம்.

அமெரிக்காவில் கேட்பார் இல்லையா? இருந்தார்கள். காங்கிரஸில் ஜார்ஜ் மில்லர் தொடர்ந்து கத்தினார். 2000ல் செனட் சபை ஒருமனதாகச் சீர்திருத்த மசோதாவை நிறைவேற்றியது. பிரதிநிதிகள் சபையில் அது நகரவே இல்லை. காரணம், ஜாக் ஆப்ரமாஃப். தீவு அரசிடம் லட்சக்கணக்கில் ஃபீஸ் வாங்கிய தரகர். எம்.பி.க்களையும் அவர்களுடைய உதவியாளர்களையும் சைபானுக்கு அழைத்துப் போய் கோல்ஃப் ஆடவைத்து அனுப்பினார். அப்படிப் போனவர்களில் குடியரசுக் கட்சியின் பெரிய தலை டாம் டிலே ஒருவர். சைபானை முதலாளித்துவத்தின் சோதனைச்சாலை என்கிற தினுசில் புகழ்ந்தார். ஆப்ரமாஃப் 2006ல் வேறு மோசடிகளில் குற்றத்தை ஒப்புக்கொண்டு சிறைக்குப் போனார்.

சைபானை வீழ்த்தியது செனட்டும் இல்லை, வழக்கும் இல்லை. காலண்டர். 2005 ஜனவரி 1, உலகம் முழுக்கக் கோட்டா ரத்து. சீனாவிலிருந்து நேராகவே அனுப்பும் வழி அகலத் திறந்தபிறகு, சீனத் துணியையும் சீனப் பெண்களையும் கடல் தாண்டிக் கொண்டுபோவானேன்? ஃபேக்டரிகள் ஒவ்வொன்றாக மூடின. 2007ல் அமெரிக்கக் கூலிச் சட்டம் தீவுக்கும் நீண்டது. அடுத்த வருஷம் குடியேற்ற அதிகாரமும் போயிற்று. 2009 தொடக்கத்தில் கடைசி ஃபேக்டரியும் ஷட்டரை இறக்கியது. அதே வருஷங்களில் திருப்பூர் எப்படி வளர்ந்தது என்று உங்களுக்கே தெரியும். 2020 கணக்கெடுப்பில் அந்தத் தீவுகளின் ஜனத்தொகை 47,329.

இது ஏதோ ஒரு தீவின் விதிவிலக்கு என்று விட்டுவிட முடியாது. செப்டம்பர் 11க்குப் பிறகு பாகிஸ்தான் படை உதவி செய்தது. 2002ல் முஷாரஃப் 14.2 கோடி டாலர் மதிப்புக்குக் கூடுதல் ஜவுளிச் சலுகை வாங்கிப் போனார். ஜோர்டானும் எகிப்தும் இஸ்ரேலியச் சரக்கு கொஞ்சம் கலந்து தைத்தால் அமெரிக்காவில் வரி கிடையாது என்று சலுகை கொடுத்தார்கள். சமாதானத்தைக்கூட பட்டன் மாதிரி வைத்துத் தைக்கச் சொன்னார்கள். நம்ம அனுபவமும் புதுசாகவே இருக்கிறது. 2025 ஆகஸ்ட் 27ல் இந்தியச் சரக்குக்கு 50 சதவீதக் கூடுதல் வரி அமலானது. அதில் சரிபாதி, ரஷ்யாவிடம் எண்ணெய் வாங்கியதற்குத் தண்டனை. காதர்பேட்டையில் யார் கச்சா எண்ணெய் வாங்கினார்கள்? பில் மட்டும் அங்கே வந்தது.

சைபானில் தையல் மெஷின் சத்தம் நின்று பல வருஷம் ஆயிற்று. டினியனில் வேறு சத்தம். எனோலா கே கிளம்பிய வடக்கு விமானத்தளத்தில் எண்பது வருஷமாகக் காடு மண்டிக் கிடந்தது. சீனாவோடு என்றைக்காவது மோத வேண்டி வந்தால் விமானங்களைப் பரப்பி நிறுத்த இடம் வேண்டும் என்று 2023 கடைசியில் அமெரிக்க விமானப்படைத் தளபதி ஒருவர் அறிவித்தார். புல்டோசர்கள் இறங்கி, பழைய ரன்வேக்களின் மேல் வளர்ந்த மரங்களைப் பிடுங்க ஆரம்பித்தன.

1983 குத்தகையின் முதல் ஐம்பது வருஷம் 2033ல் முடிகிறது. அடுத்த ஐம்பதுக்கு நீட்டிக்க அமெரிக்கா விரும்பினால் புதிதாக வாடகை எதுவும் தர வேண்டியதில்லை. இரண்டு ஐம்பதுக்கும் சேர்த்து அப்போதே கட்டியாகிவிட்டது.